கோணல் பந்தும் என் சடுகுடுப் படையும்

விளையாட்டு வாத்தியார் உத்தியோகத்தில் ஜெயித்தால் பையன்கள் கெட்டிக்காரர்கள், தோற்றால் வாத்தியார் தண்டம். கழுத்தில் விசில் மாட்டிய சகோதரர்களே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் பழனி அடிவாரத்துக் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் அவதி உங்களில் யாருக்கும் வாய்த்திருக்காது.

கடைக்காரர் கேட்ட கேள்வி

சீன யுத்தம் முடிந்த கையோடு, மாணவர்களுக்கு வீரம் ஊட்ட வேண்டும் என்று எங்கள் பிரின்சிபாலுக்கு ஆவேசம் வந்துவிட்டது. கொடைக்கானல் மிஷன் பள்ளி ஒன்றின் அமெரிக்க வாத்தியார் ஒரு பந்தைக் கொடுத்து, "எங்களோடு மூன்று மேட்ச் ஆடுங்கள்" என்றார். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி எதிரியின் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. பிரின்சிபால் ஒரு நிபந்தனை போட்டார். மூன்று மேட்சிலும் ஒரு புள்ளிகூட எடுக்காவிட்டால் டீம் கலைக்கப்படும். நான் பழையபடி காலையும் மாலையும் 'லெஃப்ட் ரைட்' போட வேண்டும். அதைப் போட்டுப் போட்டு வாழ்க்கையே வெறுத்தவன் நான். இந்த டீமை விடுவதற்கு மனசே வரவில்லை.

காற்றடிக்கப் பந்தைச் சைக்கிள் கடை ராவுத்தரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்லா உருண்டையா இருந்த பந்தை யாரு சார் இப்படி ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்தது?"

வீடு திரும்பிய வீரன்

புது ஆட்டத்துக்கு ஆள் எங்கே கிடைக்கும்? சடுகுடு கோஷ்டியை அப்படியே சேர்த்துக்கொண்டேன். அதில் பாலசமுத்திரம் வேலுச்சாமியை யாராலும் பிடிக்க முடியாது.

முதல் மேட்ச் கொடைக்கானலில். எதிரே மீசை முளைக்காத பையன்கள்தான், ஆனால் ஒவ்வொருவனும் பீரோ மாதிரி நின்றான். பந்து கைக்கு வந்ததும் வேலுச்சாமி பாய்ந்தான். இரண்டு பேரைத் தொட்டான். உடனே திரும்பி, வந்த வழியே ஓடி, எங்கள் கோட்டையும் தாண்டிப் போய்ப் பந்தைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டான். அப்படிச் செய்தால் எதிரிக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் முடிவதற்குள் நாலைந்து தடவை இதையே செய்தான். அமெரிக்கர் பைபிள் தமிழில் என்னைத் தேற்றினார்: "ஐயா, எங்களுக்குரியதை உமது மாணவன் தவறாமல் கொண்டுவந்து செலுத்துகிறான்."

மொட்டைப் படை

இரண்டாவது மேட்சுக்கு முன் பையன்கள் என்னைக் கேட்காமலே மலையேறி மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு வந்து நின்றார்கள். எதிர்க்கட்சி இரவல் கொடுத்த ஹெல்மெட்டுகள் அந்தத் தலைகளில் நிற்கவில்லை. ஓடும்போது வழுக்கி மூக்குவரை இறங்கின. கண் தெரியாமல் எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் மடக்கிப் பிடித்தார்கள். புள்ளி பூஜ்யம்.

திரும்பும் பஸ்ஸில் வேலுச்சாமிதான் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "மொட்டையை முன்கூட்டியே குடுத்துட்டோம்ல சார், இனி சாமிக்கு என்ன அவசரம்?"

ஆறு புள்ளி

கடைசி மேட்சுக்குப் பிரின்சிபாலே வந்துவிட்டார். ஆட்டம் முடியப்போகிறது, ஒரு புள்ளியும் இல்லை. வேலுச்சாமியைப் பிடித்துத் தோளைத் திருப்பினேன். "ஏலே, நம்ம வீடு இந்தப் பக்கம் இல்லை, அந்தா தெரியுதே, அந்தக் கோடு! பாடப் போன இடத்துல நீ மாட்டிக்கிட்ட. மூச்சு விடாம வெரசா வீடு வந்து சேரு!"

பந்து வந்தது. "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே அவன் கிளம்பினான். பீரோக்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். போகிற வழியில் தேவையே இல்லாமல் ஒவ்வொருவனையும் தொட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி விழுந்தான். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவனோ என்னை விலக்கிவிட்டு நடுவரிடம் சண்டைக்குப் போனான்: "ஆறு புள்ளி கெடக்கட்டும் சார், நான் தொட்ட அஞ்சு பேரும் இன்னும் உள்ளேயே நிக்கிறாங்களே, அவங்களை மொதல்ல வெளியே போகச் சொல்லுங்க!"

மூன்று மேட்சிலும் தோற்று டீமைக் காப்பாற்றிய வாத்தியார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன், அதுவும் ஆட்டத்தைக் கடைசிவரை சொல்லிக்கொடுக்காமலே.