என் அம்மாவைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை

என் அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கியது நானல்ல, சித்தி மகள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

சித்தப்பா இறந்த பிறகு, சித்தி நர்ஸ் வேலைக்குக் குவைத் போனாள். மகளைக் கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பாய். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் மாதா கோயில் திருவிழாவில் பிள்ளைகளுக்கு ‘என் அம்மா’ என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நான் அம்மாவைத் தெய்வம், தியாகத்தின் திருவுருவம் என்றெல்லாம் எழுதி, போதாதென்று நிலவையும் கடலையும் சேர்த்திருந்தேன். பரிசு சித்தி மகளுக்குப் போனது. மேடையேறி வாசிக்கவும் சொன்னார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்ப்பதற்காக எங்கள் ஊர்த் திருவிழா முழுக்க யூடியூபில் நேரலையாகப் போகும். மேடைக்கு எதிரே கேமரா நின்றது.

அவள் வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய ‘என் அம்மா’ சாளை மீனில் முள்ளெடுத்து ஊட்டினாள். காய்ச்சல் வந்தால் தன் ஜெபமாலையைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டாள். தலை வாரும்போது சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பாட்டை முனகினாள். அத்தனையும் என் அம்மா! பெரியம்மா என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. குவைத்தும் இல்லை. முன்வரிசையில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்காக அம்மா அப்படி அழுததே இல்லை. இவளோ கேமராவையே பார்த்து நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பவுசைப் பார் என்று பல்லைக் கடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே பிடித்துக்கொண்டேன்.

“ஏட்டி, அது எனக்க அம்மையாக்கும்! ஒனக்க அம்மையப் பத்தி எழுதினா ஒனக்கு கை வலிக்குமா?”

பரிசாகக் கிடைத்த ஹாட்பாக்ஸை அவள் மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஒனக்க அம்மைய ஆரு எடுத்தா? நீயே வச்சுக்க.”

நான் நம்பவில்லை. மறுநாள் காலையில் சித்தி போன் செய்தாள். மகளைக் கேட்கவில்லை, அம்மாவைத்தான் கேட்டாள். அழுகை அடுக்களைவரை கேட்டது.

“அக்கா, எனக்க பிள்ளைய நீ எடுத்துட்டியா?”

“எடுக்கல்ல மக்கா. நீ வந்து கூட்டிட்டுப் போ” என்றாள் அம்மா.

கிறிஸ்துமஸுக்கு வந்த சித்தி திரும்பிப் போகவில்லை. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து, மகளோடு அங்கேயே வாடகை வீடு பார்த்துக்கொண்டாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மாதான் கொஞ்ச நாள் இரண்டு தட்டு மீனுக்கு முள்ளெடுத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்ப் பரீட்சையில் ‘இதை எழுதிய ஆசிரியரின் நோக்கம் என்ன?’ என்ற கேள்வியில் நான் ஒருநாளும் மதிப்பெண்ணை விட்டதில்லை. அன்று யார் பொறாமைப்படுவதற்காக அந்தக் கட்டுரை எழுதப்பட்டதோ, அவள் குவைத்தில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வீணாக எரிந்தேன். வாசித்து முடிக்கும்வரை சித்தி மகள் என் அம்மா இருந்த பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அதைப் பார்த்துத்தான் அம்மா முன்வரிசையில் அழுதாள். நானோ, அம்மா பெருமையில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.