அமாவாசை நூல்களும் இடுப்பளவுச் சுவரும்

ஈரச் சணலுக்கு ஒரு வாசனை உண்டு... சாக்குத் தைக்கிற சணல் கிணற்றுத் தண்ணீரில் நனைந்து, வெயிலில் காயும்போது வருமே, அது. போன வாரம் மருமகள் போனில் ஒரு கோட்டுப் படம் காட்டினாள். எனக்கு அந்த வாசனைதான் வந்தது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதைத் தட்டுகிறாள்.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்திருந்த சமயம். செந்துறைப் பக்கம் எங்கள் ஊர். பெரும்பாலும் மானாவாரிக் கொல்லைகள். எனக்கு ஒரு கிணறும் அதை நம்பி ஒரு கத்திரித் தோட்டமும் இருந்தன.

அமாவாசைக்கு அமாவாசை சணலில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்குவேன். கல் தண்ணீரைத் தொட்டதும், கிணற்று விளிம்பில் கை இருக்கும் இடத்திலேயே சணலை அறுத்துக்கொள்வேன். அந்த நீளம்தான் அந்த மாதக் கணக்கு. நூல் குட்டை என்றால் தண்ணீர் மேலே. நீளம் என்றால் கீழே.

எல்லாவற்றையும் வரிசை கலையாமல் உத்திரத்தில் சுருட்டிச் சுருட்டித் தொங்கவிட்டிருந்தேன். சித்திரை நூலில் மட்டும் சிவப்புத் துணி.

"வூட்ல மனுசன் இருக்கறதா, நூலு இருக்கறதா?" என் சம்சாரம் அஞ்சலை இதைக் கேட்காத நாள் கிடையாது.

ஊருக்கு மேற்கே ஒரு கசிவுநீர்க் குட்டை வெட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் அதில் தேங்கி மண்ணுக்குள் இறங்கும், கிணறுகள் ஊறும் என்று சொன்னார்கள். ஆனால் குட்டை நிறைந்தால் தண்ணீர் பின்னால் ஏறி, என் பங்காளி முத்தையன் கொல்லையில் நின்றுவிடும். அவன் மக்காச்சோளம் அழுகியது. ஊர்க்கூட்டத்தில் எழுந்துவிட்டான்.

"என் சோளம் அழுவுது. உங்க கெணறு ஏறுச்சா? ஏறலன்னா கரைய வெட்டி உடுங்க!"

நியாயமான கேள்விதான். ஏறியது என்று சிலர், எங்கே ஏறியது என்று சிலர். பிரசிடெண்ட் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் மாசாமாசம் நூலு உடுறீங்களே, கொண்டாந்து காட்டுங்க."

கரையை வெட்டினால் என் கத்திரி அவ்வளவுதான்...

ஞாயிற்றுக்கிழமை பால் சொசைட்டி வாசலில் குறுக்கே மூங்கில் கட்டினோம். நூலை அப்படியே தொங்கவிட்டால் கட்டடத்தை விடவும் நீளம். எல்லா நூலையும் ஒரே மாதிரி மூன்று முறை மடித்து, மேல்நுனி சமமாக வரிசையாகக் கட்டினேன்.

மழை மாதத்து நூல் குட்டை, கோடை நூல் நெட்டை. ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது...

"ஆடு மேஞ்ச வேலி மாதிரில்ல இருக்கு!" என்று ஒருவன் சிரித்தான்.

அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "மழ மாசத்தயும் வெயில் மாசத்தயும் கலந்து கட்டுனா என்னா தெரியும்? செவப்புத் துணிய மட்டும் வைங்க. சித்திரைக்குச் சித்திரை பாருங்க."

மற்றதை எல்லாம் அவிழ்த்தேன். சித்திரை நூல்கள் மட்டும் மிஞ்சின. குட்டைக்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும்... ஒரே நீளம்.

"பாத்துக்குங்க!" என்றான் முத்தையன். "நாளைக்கு மம்புட்டியோட வந்துருங்க."

அப்போதுதான் அஞ்சலை, "ஏங்க, கெணத்துக்குச் சுவரு வச்சமே?" என்றாள்.

குட்டை வெட்டிய அதே கோடையில் முத்தையனின் கன்றுக்குட்டி எங்கள் கிணற்றில் விழுந்தது. தூக்கிக் காப்பாற்றினோம். அதற்கப்புறம் சுற்றிலும் இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பினேன். அன்றிலிருந்து சுவரின் மேலே நின்றுதான் சணலை அறுக்கிறேன். சுவரின் உயரமும் சேர்ந்து நூல் நீண்டுவிட்டது!

அந்த உயரத்தை நூலில் கழிக்கக் கத்தியை எடுத்தேன். முத்தையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடேங்கப்பா! நூலு ஒங்களுக்கு ஒத்து வரலன்னா அறுத்துருவீங்களாண்ணே? எனக்கும் ஒரு கத்தி குடுங்க, எனக்கு ஏத்த மாதிரி நானும் அறுக்கறேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அஞ்சலைதான் சொன்னாள். "சரி கொழுந்தனாரே, நீங்களே அறுங்க. சுவத்தயும் நீங்களே அளங்க."

ஊரே கிணற்றடிக்குப் போனது. முத்தையன் ஒரு சணலை இழுத்துப் பிடித்து, சுவரை இம்மி கூடாமல் அளந்தான். திரும்பி வந்து, சுவர் வைத்ததற்குப் பிந்திய நூல்களில் மட்டும் அந்த அளவை அவனே அறுத்தான். மறுபடி மடித்து, அவனே கட்டினான்.

குட்டைக்குப் பிந்திய நூல்களின் கீழ்நுனிகள் எல்லாம் மேலேறி நின்றன.

அவன் நூல் நுனிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனான். "ஏறித்தாண்ணே இருக்கு... என் கன்னுக்குட்டியே என்னக் காட்டிக் குடுத்துருச்சு பாருங்க!" சிரித்தான். உடனே முகம் மாறியது. "அப்ப என் சோளத்துக்கு என்னா வழி?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கிணறு ஏறியவர்கள் எல்லாரும் வண்டி கட்டி வண்டல் அடித்து அவன் கொல்லையை மேடாக்குவது, குட்டையில் மிஞ்சின தண்ணீர் வழிகிற கலிங்கைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுவது என்று அங்கேயே பேசி முடித்தோம். முதல் வண்டி என்னுடையது. அடுத்த வெள்ளாமையில் அவன் சோளத்துக்குள் ஆள் நின்றால் தெரியவில்லை.

இப்போது போர்க்குழாயில் தண்ணீர் எவ்வளவு கீழே என்று போனுக்குத் தானாகக் கோடு வருகிறது. சணலும் வேண்டாம், அமாவாசையும் வேண்டாம். நல்லதுதான்.

"எங்கேருந்து அளக்குதும்மா? எதையாவது அறுத்துட்டுக் காட்டுதா?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"தெரியலயே மாமா... கேட்டுச் சொல்றேன்" என்றாள். கேட்பாள், கெட்டிக்காரி.

குட்டை இந்த வருஷமும் தளும்பிக் கிடக்கிறது. அன்றைக்கு அறுத்துப்போட்ட துண்டுகளை முத்தையன் ஒன்று விடாமல் பொறுக்கி, முடிந்து முறுக்கி ஒரு கயிறாக்கினான். நாங்கள் கணக்கில் கழித்தது எல்லாம் கன்றாயிருந்து வளர்ந்த அந்த மாட்டின் கழுத்தில், ஊர் பார்க்க, ரொம்ப நாள் திரிந்துகொண்டிருந்தது.