மதியழகனுக்கு வந்த அருள்

மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டும் மதியழகனுக்கு மூன்று வருஷமாகத் தூக்கத்தை விரட்டும் சியாபு போதைமருந்துப் பழக்கம். நாலு நாள் தூங்காமல், தாடை நடுங்க, முனியாண்டி கோயில் உறுமிக்கு அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, சாமி இறங்கிவிட்டதென்று எஸ்டேட் ஒருமனதாகத் தீர்மானித்தது. அன்றிலிருந்து வெள்ளிதோறும் அவனிடம் குறி கேட்க வரிசை.

சிகிச்சைக்குக் கூட்டிப்போக மனைவி நீலாவதி கார் பிடித்து வந்தாள்.

"சாமி ஆள போதைக்காரன்னு சொல்றியேம்மா, வாய் அழுகிடும் லா!" என்று கோயில் தலைவர் அமிர்தலிங்கம் காரைத் திருப்பி அனுப்பினார்.

அடுத்த வெள்ளி மதியழகனே அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "தலைவரே, முடியல லா. என்னய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

தலைவர் பக்தியோடு கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"யாரு வீட்டுல ஆஸ்பத்திரி கேஸ்? சாமி கூப்பிடுது, முன்னால வாங்க!"

ஏழு பேர் வந்தார்கள். மதியழகன் கையில் திருநீற்றுத் தட்டைத் திணித்தார்கள்.