பூமழை அன்று நின்றுபோன கூரை

ஏற்காட்டில் கூரை திறக்கிற கார் வைத்திருப்பவருக்கு ஒன்று கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் யார் மீதாவது தீராத ஆத்திரம் இருக்க வேண்டும். வருடத்தில் பாதி நாள் மழை, மீதியில் பாதி பனி. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அப்படி ஒரு கார் என்னுடையது மட்டும்தான். எனக்குக் கிறுக்கு இல்லை.

காரை வாங்கியவர் என் கணவராக இருந்தவர். எஸ்டேட்டை விற்றுவிட்டு வெளிநாட்டு மகனிடம் போய்ச் சேர்ந்த ஒரு முதலாளியிடமிருந்து பழையதாக வாங்கினார். சிவப்பு நிறம், கறுப்புத் துணிக்கூரை. ஒரு பட்டனை அழுத்தினால் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் எழுந்து வந்து மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி வருவார். நான் பக்கத்தில் உட்காரலாம், ஓட்டக் கூடாது. அப்பாவின் ஜீப்பை மாரமங்கலம் ரோட்டில் பதினெட்டு வயதிலிருந்து ஓட்டியவள் நான். "ஜீப்பு வேற, இது வேற. உன் கை இதுக்கு ஆகாது" என்பார். துடைப்பதற்கு மட்டும் என் கை ஆகும்.

ஒரு பங்குனிக் கடைசியில் கூரை நின்றுபோனது. அந்த நாள் எனக்கு மறக்காது, ஏனென்றால் அன்றுதான் பூமழை. காப்பிச் செடி மொட்டுக் கட்டிக்கொண்டு ஒரு மழைக்காகக் காத்துக்கிடக்கும், அது விழுந்தால்தான் பூக்கும். என் அப்பா விட்டுப்போன நான்கு ஏக்கரானாலும் சரி, பெரிய எஸ்டேட்டானாலும் சரி, காப்பி வைத்திருப்பவர்கள் அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொள்வோம். அன்று காலையில் நல்ல வெயில். சேலத்தில் ஏதோ வேலை என்று கூரையைத் திறந்துபோட்டுக்கொண்டு இறங்கினார். சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்தார்.

"பாதி மலையில மழை புடிச்சிருச்சு. பட்டன அமுக்கு அமுக்குனு அமுக்குறேன், அசையவே மாட்டேங்குது" என்று சொல்லி டயரை எட்டி உதைத்தார். நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். இதை எழுதும்போது அந்தக் காப்பியை நினைத்துத்தான் எனக்கு அதிகமாக எரிகிறது.

மறுநாள் சீட்டின் மேல் விரிக்கப் பழைய போர்வை எடுக்கலாம் என்று பீரோவின் மேல் பார்த்தேன். போர்வை இருந்தது. பக்கத்தில் எப்போதும் இருக்கும், சக்கரம் வைத்த பெரிய நீலப் பெட்டி இல்லை. கேட்டதற்கு, "தங்கச்சி கேட்டா, குடுத்துட்டேன்" என்றார். அவர் தங்கைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதோடு விட்டுவிட்டேன்.

இயந்திரம் நின்றால் காரணத்தை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருக்க மாட்டார். சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். மோட்டார் போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்களாம். அன்றிலிருந்து அந்தக் காருக்குக் கூரை நான்தான். காப்பி காயவைக்கிற தார்ப்பாயைத் தினமும் சாயங்காலம் இழுத்துக் கட்டுவேன், காலையில் அவிழ்ப்பேன். அப்படியும் தண்ணீர் இறங்கிவிடும். பின் சீட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அதில் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கின் இலை அடைத்துக்கொண்டால் உள்ளே குளம்தான். ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்து குடைந்து எடுப்பேன். அவர் வாசலில் நின்று, "அந்தப் பக்கமும் பாரு" என்பார்.

ஆடி மாதம் ஒரு காலை, இந்த மலையும் பிடிக்கவில்லை, நீயும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறிப் போனார். காரைப் பற்றிக் கேட்டேன். "நீயே வச்சுக்க. மழையில நனைஞ்சுக்கிட்டே ஓட்டு."

போனதற்குக்கூட நான் இவ்வளவு ஆத்திரப்பட்டிருக்க மாட்டேன். ஊருக்கு அவர் சொன்ன கதைதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. நான் அவரைக் கொட்டுகிற மழையில், கட்டின துணியோடு வீட்டை விட்டு விரட்டினேனாம். ஊர் நம்பியது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பள்ளிக்கூடத்தில் முப்பது வருடமாகப் பிள்ளைகளை அதட்டிப் பழகியவள், அதனால் செய்திருப்பாள் என்றே எல்லோருக்கும் பட்டது. பால் வாங்கப் போன இடத்தில் எஸ்டேட்டில் வேலை செய்யும் அம்மா ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க டீச்சர், என்னதான் கோவமுன்னாலும் மழையில போயி வெரட்டலாமுங்களா? ஒரு துணிமணி எடுத்துக்கச் சொல்லக் கூடாதுங்களா?"

இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவார்கள்? அந்தப் பொய் அவர் வாயாலேயே உடைய வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

ஐப்பசி மழைக்கு முன் அடிவாரத்தில் ஜீப்புகளுக்கு வேலை செய்கிற மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். காரை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நொம்ப ஒசந்த வண்டிங்க. தெரியாம கைய வெச்சுட்டா பாவமுங்க டீச்சர்."

டேஷ்போர்டுக்குள் அந்த முதலாளியின் கையேடு இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. என்னை விட்டுப்போன மனுஷன் அதைத் தொட்டதே இல்லை. படிப்பது என் வேலை, ஓட்டுவது அவர் வேலை. நான் பிரித்து, பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல வரிவரியாகப் படித்தேன். ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது: டிக்கிக்குள், மடித்த கூரைக்கும் சாமான்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. அது இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். ஒரு கொக்கி கழன்றிருந்தாலும் கூரை அசையாது.

மெக்கானிக் டிக்கிக்குள் தலையை விட்டார். "வலது பக்கம் கழண்டு கெடக்குதுங்க." மாட்டினார். டக்கென்று ஒரு சத்தம். நான் பட்டனை அழுத்தினேன். கூரை முனகிக்கொண்டே எழுந்து, முன்னால் வந்து, அடங்கி உட்கார்ந்தது.

"இதுக்குத்தானுங்களா இத்தன நாளா தார்ப்பாயி கட்டுனீங்க?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தேன். தடுப்பின் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்கு நீலச் சாயம் தேய்ந்து ஒட்டியிருந்தது. கீழே ஒரு பெட்டிச் சக்கரத்தின் மூடி கிடந்தது. அதுவும் நீலம்.

மூடியைக் கையில் எடுத்தேன். கூரை மடிந்திருக்கும்போது அதற்கு அடியில் உள்ள இடம் சிறியது. அதில் பெரிய பெட்டியை முட்டித் தள்ளி ஏற்றியிருக்கிறார், கொக்கி தெறித்திருக்கிறது. முதல் நாள் வரை கூரை வேலை செய்தது, பூமழை அன்று நின்றது. அன்றே துணிமணியைக் கட்டி எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அதன் பிறகு மூன்று மாதத்துக்கும் மேலே என் வீட்டில் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, ஈர்க்குச்சி பிடித்த எனக்கு அந்தப் பக்கமும் பார் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பீரோவில் அவர் சட்டைகள் குறைந்துபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவர் மேல் வந்த கோபத்தில் கொஞ்சம் என் மேலும் வந்தது.

அந்த மூடியைக் கழுவித் துடைத்துக் காருக்குள் முன்பக்கம் வைத்தேன். காரை விற்கச் சொன்னவர்களை வாயை மூடச் சொன்னேன்.

அதன் பிறகு அந்தக் காரை நான் பார்த்துக்கொண்டது போல எந்தக் காரையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஈரக் கூரையை ஒருநாளும் மடித்ததில்லை. மடித்தால் துணியில் பூஞ்சை கறுப்பாகப் படரும். பனி விலகித் துணி காயும் வரை ஒரு மணி நேரமானாலும் நிற்பேன். மிருதுவான பிரஷ்ஷால் துணியைத் தேய்த்துக் கழுவுவேன். ரப்பர் பட்டைகள் வெடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை அதற்கான எண்ணெயைத் தடவுவேன். தடவும் நேரம் முழுக்க, அவரைப் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்வேன். மலைப்பாதையில் குரங்குகள் உட்கார்ந்திருக்கிற வளைவுகளுக்கு முன்பே நிறுத்திக் கூரையை மூடிவிடுவேன். ஒருமுறை மறந்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் பள்ளிக்கூட ஹாஜர் புத்தகத்தையும் பறிகொடுத்தேன்.

மூன்று வருடம் ஆனது. விவாகரத்தும் ஆனது. அவர் சேலத்தில் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். பாவம், மழையில் விரட்டப்பட்ட மனுஷன் என்று இரக்கப்பட்டுத்தான் அந்தப் பெண் கட்டிக்கொண்டாராம். இதையும் ஊரே வந்து என்னிடம் சொன்னது.

போன மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டேன். நல்லதாக ஒன்றும் வேண்டவில்லை. திரும்பும்போது ரோட்டில் ஒரே நெரிசல், வண்டிகள் நகரவில்லை. என் கூரை திறந்திருந்தது. பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. அவர். பக்கத்தில் அந்தப் பெண்.

தூறல் விழ ஆரம்பித்தது. அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "இன்னும் நனைஞ்சுக்கிட்டேதான் ஓட்டிட்டிருக்கியா?"

நான் பட்டனை அழுத்தினேன். கூரை எழுந்தது. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் விசிலடித்தார்கள். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. இயந்திரம் என்றால் அவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் தூக்கம் வராது. அந்தக் குணம் மட்டும் மாறவில்லை. "இது எப்படி ஓடுது? மோட்டாரே போச்சுன்னாங்களே!"

மூன்று வருடம் மனப்பாடம் செய்த கேள்விகளில் ஒன்றுகூட எனக்கு அப்போது தேவைப்படவில்லை.

"மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றேன், மிகவும் மரியாதையாக. "பூமழை அன்னிக்கு உங்க துணிமணிய நீலப் பெட்டியில கட்டி டிக்கியில திணிச்சீங்களே, அப்ப உள்ள ஒரு கொக்கி கழண்டிருச்சு. அதுக்கப்புறம் மூணு மாசம் நம்ம ஊட்டுலதான இருந்தீங்க, கேட்டிருந்தா நானே பாத்திருப்பேன்." முன்பக்கம் இருந்த சக்கர மூடியை எடுத்து நீட்டினேன். "இது உங்குளுதுங்க."

அவர் வாங்கவில்லை. அவர் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி அந்தப் பெண் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பெட்டிங்க?" என்றார். என்னைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டார். "ஊட்டுல இருக்கற நீலப் பெட்டிக்கு ஒரு சக்கரத்துல மூடி இல்லையே, அதுங்களா? நீங்க கட்டின துணியோட வந்ததாத்தானுங்களே சொன்னீங்க?"

"வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"இல்லீங்க, இப்பச் சொல்லுங்க."

மழை வலுத்தது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வண்டிகள் மெல்ல நகர ஆரம்பித்தன. உள்ளே அந்தப் பெண்ணின் கை அசைவது மட்டும் தெரிந்தது. அங்கிருந்து டவுன், டவுனிலிருந்து அடிவாரத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். திருவிழாக் கூட்டம், மழை வேறு, இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். அவருடைய காருக்குத் திறக்கிற கூரை கிடையாது.