யூனிஸ் டீச்சர் நம்பாத வலி

பிரேசர் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் யூனிஸ் இருபத்தாறு வருடமாக பி.டி. டீச்சர். "வயித்து வலி மிஸ்" என்று வந்து நிற்கும் பிள்ளைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பெண்ணாகப் பிறந்தால் வலிக்கத்தான் செய்யும், இரண்டு சுற்று ஓடினால் தானாகப் போய்விடும் என்பது அவள் வைத்தியம். அதற்கும் மசியாதவர்களுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள் மரத்தடியில் உட்கார அனுமதி உண்டு. இரண்டாம் நாளும் கேட்டால் அது நடிப்பு. இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், அவளே போட்டதுதான்.

மகள் லவினாவும் அங்கேதான் படித்தாள். டீச்சர் மகளுக்குச் சலுகை என்று நாலு பேர் பேசிவிடுவார்களே என்று பயந்து, அந்த ஒரு நாளைக்கூட யூனிஸ் மகளுக்குக் கொடுக்கவில்லை. எட்டாம் வகுப்பில், ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின வாரம், லவினா முகம் வெளிறிப்போய் வந்து நின்றாள்.

"முடியல மிஸ். இடுப்புலேர்ந்து காலு வரைக்கும் இழுக்குது."

"ஓடு" என்றாள் யூனிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி.

பிள்ளை ஓடியது. மூன்றாவது சுற்றில் கோட்டுக்கு வெளியே போய் வாந்தி எடுத்தது. சக டீச்சர்கள் யூனிஸின் நேர்மையை மெச்சினார்கள். அவளுக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது, இப்போது சொல்லவே நா கூசுகிறது.

அதற்குப் பிறகு லவினா வலி என்று வாய் திறக்கவில்லை. படித்தாள், ஒயிட்ஃபீல்டில் வேலைக்குப் போனாள். போன மாதம் ஆபீஸ் பாத்ரூமில் மயங்கி விழுந்தாள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் யூனிஸ், "பாத்தியா, எல்லாம் ஒன் மனசுதான்" என்றாள். விடாமல் பெண்கள் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தது கூட வேலை செய்யும் அனுஷாதான்.

டாக்டர் வீணா நிதானமாகக் கேட்டார். தீட்டு வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே வலி ஆரம்பித்துவிடுகிறதா? வாந்தி வருமா? அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிறதா? மாத்திரை போட்டும் எழுந்திருக்க முடியாமல் லீவு போடுகிறாயா? ஒவ்வொன்றுக்கும் லவினா தலையை ஆட்டினாள். பக்கத்து நாற்காலியில் யூனிஸ் கூனிக் குறுகினாள். அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றுகூட இல்லை. "அரை மணி நேரமா உள்ள என்னடி பண்றே?" என்று பாத்ரூம் கதவைத் தட்டியவளே அவள்தான்.

"எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம்மா" என்றார் டாக்டர். "கர்ப்பப்பைக்குள்ள இருக்கற சவ்வு மாதிரி ஒண்ணு வெளியிலயும் வளர்றது. சாதா ஸ்கேன்ல தெரியலன்னா இல்லேன்னு அர்த்தமில்ல. எஷ்டு வர்ஷதிந்த, எத்தனை வருஷமா இப்படி இருக்கு? அதை வச்சுத்தான் அடுத்தது என்னன்னு பார்க்கணும்."

லவினா ஒரு கணம் தாயைப் பார்த்தாள். "ஒரு ரெண்டு வருஷமா டாக்டர்."

"அவ்வளவுதானா? அப்போ மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்போம்" என்று டாக்டர் எழுதத் தொடங்கினார்.

மகள் எதற்காகப் பொய் சொல்கிறாள் என்று யூனிஸுக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் இருந்தால் மானம் தப்பும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த மானத்துக்கு விலையாக, பிள்ளை இன்னும் எத்தனை மாதம் சுருண்டு கிடப்பாளோ.

"இல்ல டாக்டர்" என்றாள். "பதினோரு வருஷம். எட்டாவது படிக்கிறப்பவே எங்கிட்ட சொன்னா. நான் நம்பல. வலியோட ஓட வச்சேன், வாந்தி எடுத்தா, அப்பவும் நம்பல."

"விடு மம்மி" என்றாள் லவினா.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, எம்.ஆர்.ஐ.க்குப் புதிய சீட்டு எடுத்தார். யூனிஸைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"இப்பவும் வலிக்குது" என்று சொல்லி லவினா மேஜையில் தலை சாய்த்தாள். அந்த முதுகைத் தொடத் தனக்கு அருகதை உண்டா என்று யூனிஸுக்குத் தெரியவில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.