பஞ்சத்தில் பருத்த உடம்பு

மழை பொய்த்த இரண்டாம் வருஷம் எனக்குப் பதின்மூன்று வயது. வல்லத்திராக்கோட்டையில் ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது நான் மட்டும் பருத்தேன். அம்மா என் ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். கடைசியில் பிரிக்கத் துணி மிஞ்சவில்லை.

ரேஷன் கடை வரிசையில் நின்றால் பின்னாலிருந்து குரல் வரும். "வாத்தியார் வீட்டுல மூட்டை மூட்டையா பதுக்கி வச்சிருக்காக போல. பொண்ணப் பாத்தாலே தெரியுதே!"

அப்பா தொடக்கப் பள்ளி வாத்தியார். எங்கள் அடுப்பிலும் சோளக் கஞ்சிதான் கொதித்தது. ஆனாலும் அதன் பிறகு என்னைக் கடைக்கு அனுப்பவில்லை.

அம்மா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தொடங்கினாள். காலையில் கொள்ளுத் தண்ணீர், இரவில் பட்டினி. தம்பி சாப்பிடும்போது நான் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். மாதம் ஒன்று கழிந்தும் உடம்பு இறங்கவில்லை.

"நெசத்தச் சொல்லு, யார் வீட்டுலயாவது போயித் திங்கிறியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"பின்ன எங்கிட்டிருந்துடி வருது இந்த ஒடம்பு?"

எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் அடுப்படிக்குப் பூட்டுப் போட்டாள்.

பள்ளியில் டிரில் பீரியடில் மயங்கி விழுந்தேன். தண்ணீர் தெளித்து எழுப்பிய டீச்சர், "தீனியக் கொறைச்சா இப்படி விழ மாட்டே" என்றார். அன்று காலையிலிருந்து நான் எதுவுமே சாப்பிட்டிருக்கவில்லை.

அப்பா என்னைப் பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனார். டாக்டர் என் கழுத்தை அழுத்திப் பார்த்தார். "சுரப்பிக் கோளாறா இருக்கலாம். மெட்ராஸ்ல காட்டினாத்தான் நிச்சயமாத் தெரியும்."

"அங்கிட்டெல்லாம் போறதுக்கு நமக்கு ஏதுங்க வசதி?"

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைத் தின்றதும் நெஞ்சு படபடத்தது, பேனா பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. உடம்பு கொஞ்சம் இளைத்தது. அம்மா என் கன்னத்தைத் தடவிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. படபடப்பு தாங்காமல் ஒருநாள் வகுப்பிலேயே சரிந்தேன். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். குறைந்த சதை தீபாவளிக்குள் திரும்பி வந்தது, முன்னைவிட அதிகமாக.

அதற்குமேல் யாரும் என்னை எங்கும் அழைத்துப் போகவில்லை. பள்ளிக்கூடமும் நின்றது. தலைமையாசிரியரிடம் அப்பா, "ஒடம்பு சரியில்லீங்க" என்று மட்டும் சொன்னார். என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எங்களிடம் பெயர் இல்லை.