முதல் கொமெண்ட் என்னுடையது

எங்கள் இங்லிஷ் சேர் இன்று காலை மௌத்தாகிவிட்டார்... அந்த மரணச் செய்திக்குக் கீழே முதல் கொமெண்ட் போட்டது நான். அதிலிருந்த பிழையைத் திருத்தியிருந்தேன்.

குரூப்பில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். டியூஷன் பிள்ளைகளுக்காக சேர் ஒரு பேஸ்புக் குரூப் வைத்திருந்தார். காலையில் பிழையான இங்லிஷ் வசனம் ஒன்று போடுவார். முதலில் பிழை பிடிக்கிறவருக்கு அன்றைக்கு வகுப்பில் முன் வாங்கில் உட்கார இடம்.

குரூப்பில் தமிழில் எழுதக் கூடாது. எழுதினால் உடனே அழித்துவிடுவார்.

வசனங்கள் பெரும்பாலும் அவரைப் பற்றியே இருக்கும். இறக்காமத்தில் யானையைக் கண்டு சேர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்... நோன்பு நாளில் சேர் பசியில் செத்தே போனார்... எல்லாவற்றிலும் ஒரு வினைச்சொல் கோணலாக நிற்கும். நாங்கள் சிரித்துக்கொண்டே நிமிர்த்துவோம்.

சுனாமி முகாமிலும் அவர் இப்படித்தானாம். தண்ணீர் பவுசர் லொறி வராது என்று வெளிநாட்டுக்காரர்கள் இங்லிஷில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சேர் அதை வாசித்துவிட்டு, "தண்ணியும் இல்லையாம், வசனமும் பிழையாம்" என்றாராம்.

வெறும் வாளியோடு நின்ற உம்மா, வீடு அள்ளுண்டு போன பிறகு முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தானாம். எனக்கு அப்போது ஆறு வயது, ஞாபகம் இல்லை.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு, பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புப் பிள்ளைகளும் வகுப்புக்கு வரத் தொடங்கினார்கள். அதிலிருந்து முன் வாங்குக்கு எனக்கும் அந்த ஊர் வினோதாவுக்கும்தான் போட்டி.

போன கிழமை வந்த வசனம், சேர் திங்கட்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றது. வரிசையாக வந்து திருத்தினோம். இப்போது எப்படி இருக்கிறது சேர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று ஸ்கூலுக்கு வெளிக்கிடும்போது காக்காவின், என் அண்ணனின், போனில் பார்த்தேன். சேர் இறந்துவிட்டார் என்று ஒரு சின்ன வசனம். வினைச்சொல் பிழை. வினோதாவுக்கு முன்னால் போட வேண்டும் என்ற அவசரம்... திருத்தி எழுதிவிட்டு சப்பாத்துப் போடப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் என்னுடையதற்குக் கீழே இன்னும் நாலைந்து திருத்தங்கள். வினோதா எனக்கும் ஒரு பிழை பிடித்திருந்தாள்.

அவற்றுக்கெல்லாம் கீழே, அந்தக் குரூப்பில் நான் பார்த்திராத தமிழ்.

"பிள்ளையள், இது பாடம் இல்ல. நான் சேர்ட வைஃப். சேர் மௌத்தாகிட்டார்."

பின்னேரம் உம்மாவோடு மருதமுனையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்தாயிற்று. வீட்டு முன் மண்டபத்தில் இருந்த நெசவுத் தறியைச் சுவரோடு தள்ளிவிட்டுப் பெண்கள் பாயில் இருந்தார்கள்.

உம்மாவுக்குப் பின்னால் நின்ற என்னை மாமி, சேரின் மனைவி, பக்கத்தில் கூப்பிட்டார். கொமெண்டில் என் பெயரைப் பார்த்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"அழாதீங்க மகள். தமிழ்ல போட்டா அவருக்குப் பிடிக்காதே... அதான் எனக்குத் தெரிஞ்ச இங்லீசில எழுதினன்."

பிறகு சேரின் போனை என் கையில் வைத்தார்.

"அவர்ட பேர்ல பிழை கிடக்கப்படா. நீங்களே சரியா எழுதி விடுங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடிட்டை அழுத்தினேன். சேர் இறந்துவிட்டார் என்பதை எழுத்து எழுத்தாக, பிழையில்லாமல் எழுதினேன். இரண்டு தடவை அழிக்க வேண்டியிருந்தது.

மாமி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இப்ப சரியா?"

"ஓம் மாமி."

உங்கள் கப்றுக் குழியில் வெளிச்சம் இருக்கட்டும், சேர்...